வெயிலில் மாறும் நிறங்கள்

ஹற்றனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவைக்குச் செல்லும் பாதையில் பயணம் செய்தவர்கள், தேயிலைச் சரிவுகளின் நடுவே கல்லாலமைந்த சிறிய தேவாலயங்களைக் கண்டிருப்பார்கள். பொகவந்தலாவைப் புனித மரியாள் ஆலயமும் அவ்வாறான ஒன்று. அதன் வளவில் ஓர் ஆங்கிலேய முதியவரும் அவருடைய மனைவியும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கணவர் சார்ல்ஸ் ஹே கமரன். சட்ட அறிஞர், கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளர். மனைவி ஜூலியா மார்கரெட் கமரன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் அவ்வம்மையார். 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளன்கேர்ன் தோட்டத்துப் பங்களாவில் அவர் காலமானார். அடுத்த ஆண்டு கணவரும் மறைந்தார்.

இக்கல்லறையை நான் பேச்சின் தொடக்கமாகக் கொண்டதற்குக் காரணம் உண்டு. வெயில் பட்டால் நிறம் மாறும் பொருள்களின் வரலாற்றைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். அது ஐரோப்பிய ஆய்வுகூடங்களின் வரலாறு. மலையகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். அந்த வரலாற்றின் ஒரு நூல் இக்கல்லறையில் வந்து முடிகிறது. மற்றொரு நூலோ, நம் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து புறப்படுகிறது.

ஜூலியா கமரன் 1815இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1836இல் உடல்நலம் தேடி நன்னம்பிக்கை முனைக்குச் சென்றிருந்தபோது, தென்வானத்து விண்மீன்களை ஆராய்வதற்காக அங்கே தங்கியிருந்த சேர் ஜோன் ஹேர்ஷலைச் சந்தித்தார். அந்த நட்பு ஹேர்ஷலின் மரணம் வரை நீடித்தது. ஹேர்ஷல் வானியலாளர் மட்டுமல்லர், இரசாயன அறிஞருமாவார். ஒளிப்படத்தை அழியாமல் நிலைநிறுத்துவதற்கு இன்றும் பயன்படும் ஐப்போ என்னும் உப்பு, வெள்ளிச் சேர்வைகளைக் கரைக்கும் என்பதை 1819இலேயே கண்டவர் அவர். ஒளிப்படக்கலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலப் பெயரைப் பரவச் செய்தவரும் அவரே. கல்கத்தாவில் வாழ்ந்த கமரன் அம்மையாருக்கு இப்புதிய கலையைப் பற்றிக் கடிதம் எழுதி, மாதிரிப் படங்களையும் அனுப்பினார். ஆயினும் அம்மையார் தம் கையிற் கமெராவைப் பிடித்தது 1863இல், நாற்பத்தெட்டாம் வயதில். மகள் அன்பளிப்பாகக் கொடுத்த பெட்டி அது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1867இல், தலைமயிர் வெண்புகையாய் எழுந்து நிற்க இருளிலிருந்து நம்மை நோக்கும் முதிய ஹேர்ஷலை அவர் எடுத்த படம், உருவப்படக் கலையின் உச்சங்களுள் ஒன்று.

1875இல் கமரன் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. அப்போது மலைநாட்டிற் கோப்பி நோயுற்றுச் சாய்ந்துகொண்டிருந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைத்துரு நோய் தோட்டந்தோட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் இட்ட தேயிலை இன்னும் மலைகளை மூடியிருக்கவில்லை. மதுரை, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரச் சீமைகளிலிருந்து வந்த நம் முன்னோர் கங்காணிமாரின் கீழ் கோப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த காலம் அது.

இங்கே அம்மையார் எடுத்த படங்களில் ஏறத்தாழ முப்பதே எஞ்சியுள்ளன. இங்கிலாந்தில் அவர் எடுத்தவை பல நூறு. நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. இரசாயனப் பொருள்கள் கப்பலில் வரவேண்டும். வெப்பமும் ஈரமும் கண்ணாடித் தகட்டில் ஊற்றிய கசிவைக் கெடுக்கும். எஞ்சிய சில படங்களில் கிராமத்து மனிதர்களும் தோட்டத் தொழிலாளர் எனக் கருதப்படுவோரும் நிற்கிறார்கள். இங்கிலாந்திற் பிடித்த கவிஞருக்கும் அறிஞருக்கும் அம்மையார் பெயர் எழுதினார். அங்கே அவர் வீட்டுப் பணிப்பெண்ணின் பெயரும் நமக்குத் தெரிகிறது. இலங்கைப் படங்களிலோ பெரும்பாலும் பெயரில்லை. முகம் இருக்கிறது, கண் இருக்கிறது, சேலையின் மடிப்பும் இருக்கிறது. யாருடைய பாட்டி என்று சொல்ல வழியில்லை. இதை நான் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. எனினும் ஒவ்வொரு முறையும் அப்படங்களைப் பார்க்கும்போது மனம் அங்கேயே தடுக்கி நிற்கிறது.

அப்படங்களை உருவாக்கியது வெள்ளி. வெள்ளி உப்பு ஒளியிற் கறுக்கும் இயல்புடையது. அது கனிப்பொருள். ஆனால் ஹேர்ஷலின் மனத்தை வேறொன்றும் ஈர்த்தது. பூவும் வெயிலிற் பட்டு நிறம் இழக்கிறதே, அதைக்கொண்டு படம் எடுக்கலாகாதா என்று அவர் எண்ணினார். பொப்பி, வயலற் முதலிய பூக்களின் இதழைக் கசக்கிச் சாறெடுத்து, மதுசாரம் சிறிது கலந்து, தாளிற் பூசி, அதன்மேல் ஓர் உருவத்தை வைத்து வெயிலில் இட்டார். மூடிய இடத்தில் நிறம் நின்றது. திறந்த இடத்தில் வெளுத்தது. படம் கிடைத்தது. இவ்வாறு பூச்சாற்றினால் எடுக்கும் படத்தைப் பூப்படம் எனலாம். 1842இல் இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் அவர் எழுதிய நீண்ட கட்டுரையில், சூரிய நிறமாலையின் ஒவ்வொரு கதிரும் ஒவ்வொரு தாவர நிறத்தை எவ்வாறு அழிக்கிறது என்பது விரிவாகக் கூறப்பட்டுள்ளது. நீலப்படம் என்னும் முறையும் அதே ஆண்டிலேதான் பிறந்தது.

அக்கட்டுரையின் சாரம் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு நிறத்தை அழிக்க வல்ல கதிர், அந்நிறத்துக்கு எதிர்நிறமான கதிரே என்று ஹேர்ஷல் கண்டார். மஞ்சளை மஞ்சள் ஒளி அழிப்பதில்லை. நீல ஒளியே அழிக்கும். ஏனெனில், ஒரு பொருள் மஞ்சளாகத் தோன்றுவதே, அது நீலத்தை விழுங்கிவிட்டு மஞ்சளை வெளியே விடுவதால்தான். விழுங்கிய கதிரே உள்ளிருந்து வேலை செய்கிறது. விழுங்காத கதிர் எதையும் செய்யாது. 1817இல் குரோட்டுஸ் என்பவர் ஏற்கெனவே கூறிய இக்கருத்து, இன்றைய ஒளியிரசாயனத்தின் முதல் விதியாகக் கற்பிக்கப்படுகிறது. மேரி சமர்வில் என்னும் பெண் அறிஞரும் தாவரச் சாறுகளைக்கொண்டு இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். அவருடைய முடிவுகள் ஹேர்ஷலுக்கு எழுதிய கடிதத்தின் வடிவில் 1846இல் அரச கழக ஏட்டில் வெளிவந்தன. அக்கழகத்தில் பெண்கள் அங்கத்தவராக முதன்முதல் ஏற்கப்பட்டது 1945இல் என்பதை நினைவிற் கொண்டால், கடிதம் ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

நேயர்களே, ஹேர்ஷல் பூவிதழிற் கண்டதை நம் வீட்டுப் பெண்கள் மஞ்சளிற் கண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையிற் கறி சிந்திவிட்டால், என் தாயார் பதறமாட்டார். சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் கறை போகாவிட்டாலும், லயத்து முற்றத்துக் கொடியில் நல்ல வெயிலுக்கு விரித்துவிடுவார். மாலையிற் கறை இராது. மாரியம்மன் திருவிழாவில் மஞ்சள் நீராடிய சேலையும் அப்படியே. நிழலில் உலர்த்தினால் மஞ்சள் நிற்கும், வெயிலில் உலர்த்தினால் வெளுக்கும். மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் என்னும் சேதனச் சேர்வை, ஊதாவையும் நீலத்தையும் விழுங்கி, அந்த ஆற்றலைத் தாங்கமாட்டாமல், ஒட்சிசனின் துணையோடு உடைந்துபோகிறது. ஹேர்ஷலின் விதி அப்படியே நம் கொடிக்கயிற்றில் தொங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் பாடசாலை மாணவர்களுக்கு இதைச் செய்து காட்டினேன். மஞ்சள் தூளை மதுசாரத்திற் கரைத்து வடித்து, தடித்த வெள்ளைத் தாளிற் பூசி, இருட்டறையில் உலர்த்தினோம். ஆற்றோரத்திற் பறித்த பன்ன இலையைத் தாளின்மேல் வைத்து, சன்னற் கண்ணாடித் துண்டொன்றால் அழுத்தி, முற்றத்தில் வைத்தோம். மூன்று மணி நேரத்தில் முடியவேண்டிய காரியம். பத்து மணிக்கு மூடுபனி வந்து இறங்கியது. இரண்டு நாள்கள் சென்றன. இறுதியிற் கண்ணாடியை நீக்கியபோது, வெளிறிய தாளில் மஞ்சட் பன்னம் ஒன்று, நரம்பும் ஓரமும் பிசகாமல் இருந்தது. அப்பச்சோடாக் கரைசலில் தாளைத் தோய்த்தவுடன் மஞ்சள் செம்பழுப்பாக மாறியது. அது வேறு இரசாயனம்; காரத்தால் ஏற்படுவது. பிள்ளைகளுக்கு அதுவே பெரிய வித்தையாகத் தோன்றியது.

அப்போது பின்வரிசையில் நின்ற ஒரு மாணவி கேட்டாள்: "இதைச் சுவரில மாட்டி வைக்கலாமா சேர்?"

மாட்டலாகாது என்றேன். ஏனெனில் படத்தை உண்டாக்கிய வெயிலே அதை அழிக்கும். வெள்ளிப் படத்தை ஐப்போ நிலைநிறுத்தியது. பூச்சாற்றுப் படத்தை நிலைநிறுத்தும் மருந்தை ஹேர்ஷலும் காணவில்லை. பார்ப்பதற்கு ஒளி வேண்டும், பார்க்கும் ஒளியே படத்தைத் தின்னும். "அப்ப, பாக்கப் பாக்க அழிஞ்சு போகுமா?" என்றாள் அவள். ஆம் என்றேன். போன நிறம் மீண்டும் வருமா என்று அடுத்த கேள்வி. மஞ்சளில் வராது. ஆனால், போய்விட்டு மீண்டும் வரும் நிறங்களும் உண்டு.

ஒளியின் செயல் இருவகைப்படும். ஒன்று, மூலக்கூற்றை உடைத்துவிடுவது. அது மஞ்சளின் கதி. மற்றொன்று, மூலக்கூற்றை உடைக்காமல் அதன் வடிவத்தை மட்டும் திருப்பிவிடுவது. திரும்பியது பழைய நிலைக்கு மீளவும் கூடும். இந்த இரண்டாவது வகையையே அறிஞர் ஒளிநிறமாற்றம் என்கின்றனர்.

1867இல், அதாவது கமரன் அம்மையார் ஹேர்ஷலைப் படம் பிடித்த அதே ஆண்டில், ருசியாவிற் பணியாற்றிய பிரிட்சே என்பவர், நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற ஒரு செம்மஞ்சட் பொருளின் கரைசல் வெயிலில் வெளுத்து, இருளில் மீண்டும் நிறம் பெறுவதைக் குறித்துவைத்தார். 1876இல் தெர் மேர் என்பவர், இருளில் மஞ்சளாகவும் பகலொளியிற் சிவப்பாகவும் இருக்கும் ஓர் உப்பைக் கண்டார். 1881இல் இங்கிலாந்தில் ஒரு வீட்டின் வாயிற்கம்பம், பகலிற் கறுத்து இரவில் வெளுக்கிறது என்று பிப்சன் எழுதினார்; அது பூச்சிலிருந்த துத்தநாகப் பொருளின் விளையாட்டு. 1899இல் மார்க்வால்ட் என்னும் ஜெர்மன் அறிஞர் இத்தகைய மாற்றங்களுக்கு ஒரு பொதுப்பெயர் இட்டார். இவை யாவும் சிறு குறிப்புகள். வியந்தார்கள், எழுதினார்கள், விட்டுவிட்டார்கள்.

இவற்றைவிட மேலான கண்டுபிடிப்பு 1876இல் நிகழ்ந்தது. பிரான்ஸ் போல் என்னும் இளம் அறிஞர், இருளில் வைத்திருந்த தவளையின் கண்ணைத் திறந்து பார்த்தபோது, அதன் விழித்திரை செந்நிறமாயிருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்துப்போயிற்று. உயிருள்ள தவளையை மீண்டும் இருளில் விட்டால் செந்நிறம் திரும்ப வந்தது. பூவும் மஞ்சளும் செய்ய முடியாததை, தவளையின் கண் ஒவ்வொரு நாளும் செய்துகொண்டிருந்தது! அப்போது கமரன் அம்மையார் இலங்கையில் இருந்தார். தம் கண்ணுக்குள்ளேயே ஒரு கமெராவும், தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் தகடும் இருப்பதை அறிந்திருப்பாரோ, தெரியாது.

விழித்திரையின் அந்த நிறப்பொருளை ஜோர்ஜ் வால்ட் என்பவரும் அவருடன் ரூத் ஹபார்ட் முதலியோரும் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். வால்டுக்கு 1967இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் கண்டது இது: கண்ணிலுள்ள ஒரு புரதத்தின் பொந்துக்குள், ரெட்டினல் என்னும் சிறு மூலக்கூறு வளைந்த வாலோடு சுருண்டு கிடக்கிறது. ஒளி பட்டவுடன் வால் நிமிர்கிறது. அவ்வளவே. நிமிர்வதற்கு ஆகும் நேரம், ஒரு விநாடியை ஐந்து இலட்சம் கோடியாகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு. வால் நிமிர்ந்ததும் புரதம் அசைகிறது. அவ்வசைவு நரம்பில் ஏறி மூளைக்குச் செல்கிறது. நாம் "வெளிச்சம்" என்கிறோம். நிமிர்ந்த மூலக்கூறு பின்னர் கழன்று, மீண்டும் வளைக்கப்பட்டு, இருளில் தன் இடத்துக்குத் திரும்புகிறது. இந்தச் சுழற்சியில் ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய விற்றமின் ஏ வேண்டும். அது குறைந்தால், மங்கலான வெளிச்சத்திற் கண் தெரியாது. மாலைக்கண் என்று நாம் பன்னெடுங்காலமாக அழைக்கும் நோய் அதுவே.

இவ்விடத்தில் ஒரு சொந்த நினைவைக் கூறவேண்டியிருக்கிறது. நான் ஆசிரியப்பணிக்கு வந்த புதிதில், என் வகுப்பிற் படித்த சிறுவன் ஒருவன் மாலை வகுப்பு முடிந்து போகும்போது படிக்கட்டில் அடிக்கடி இடறி விழுவான். கவனமின்மை என்று நானும் கடிந்துகொண்டேன். ஒருநாள் அவனுடைய பாட்டி வந்து, "புள்ளைக்கு மாலக்கண்ணுங்க ஐயா, திட்டாதீங்க" என்றார். கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டியபடி நின்ற அந்த அம்மாவுக்குத் தெரிந்தது, பட்டம் பெற்ற எனக்குத் தெரியவில்லை. மருத்துவரிடம் காட்டிக் குளிசை வாங்கிக் கொடுத்தார்கள். கீரையும் பப்பாசியும் சேர்த்தார்கள். சில வாரங்களில் அவன் படிக்கட்டில் ஓடினான். ரெட்டினலுக்கு வேண்டிய மூலப்பொருளாகிய கரோட்டீன், மூலக்கூற்று நடுவிலே முறிந்து இரண்டு ரெட்டினலைத் தரக்கூடியது. முருங்கையிலையிலும் கரட்டிலும் அது நிறைய உண்டு. சிறிது எண்ணெயோடு சமைத்தால் உடலிற் சேரும். நுவரெலியாவிலே கரட் விளைகிறது. விளைந்தது பெரும்பாலும் லொறியேறிக் கீழே போகிறது. லயத்துக் கறிச்சட்டியில் அது எவ்வளவு விழுகிறது என்பதைத் தாய்மார் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

இனி ஆய்வுகூடத்துக்குத் திரும்புவோம். வளைவதும் நிமிர்வதுமாகிய அதே வித்தையைச் செய்யும் ஒரு செயற்கைப் பொருள், கண்ணின் இரகசியம் வெளிப்படுவதற்கு முன்பே மனிதர் கையில் இருந்தது. மிற்செர்லிக் என்பவர் 1834இல் நைத்திரோபென்சீனிலிருந்து செம்மஞ்சட் படிகங்களாக ஆக்கிய அசோபென்சீன்தான் அது. இரண்டு பென்சீன் வளையங்கள். நடுவில் இரண்டு நைதரசன் அணுக்கள். இதன் வழிவந்த சாயங்கள் உலகெங்கும் துணிகளுக்கு நிறம் ஊட்டின. இன்றும் செயற்கைச் சாயங்களிற் பெரும்பகுதி அசோ இனத்தைச் சேர்ந்தவை. நூறு ஆண்டுகளுக்கு மேல் அதைக் கையாண்டும், அது ஒளியில் உருமாறுகிறது என்று யாரும் கவனிக்கவில்லை. 1937இல் ஹார்ட்லி என்பவர், தம் அளவீடுகள் ஒருநாளைக்கு ஒருவிதமாக வருவதைக் கண்டு சலித்து, காரணத்தைத் தேடிச் சென்றபோது அகப்பட்டது வெளிச்சம். இருளில் நேராக நீண்டிருக்கும் மூலக்கூறு, ஒளியில் முழங்கால் மடங்குவதுபோல மடங்கி, ஏறத்தாழப் பாதி நீளத்துக்குச் சுருங்கிவிடுகிறது. பிழை என்று எறிந்திருக்கவேண்டிய கணக்கை அவர் எறியவில்லை. பரிசோதனை சரியாக வராவிட்டால் நண்பனின் கொப்பியைப் பார்த்து எழுதும் நம் மாணவர்கள் இதை அறியவேண்டும்.

மற்றொரு பொருள் செய்வதற்கு மிக எளிது. சலிசிலல்டிகைட்டு, அனிலீன் என்னும் இரண்டு திரவங்களைச் சேர்த்தால் நீர் நீங்கி மஞ்சட் படிகம் கிடைக்கும். இந்த இனத்துப் படிகங்கள் சில ஒளியிற் சிவப்பதையும் இருளில் மீள்வதையும் 1909இல் செனியர், ஷெப்பர்ட் என்னும் இருவர் அறிவித்தனர். ஒட்சிசனோடு ஒட்டியிருந்த ஓர் ஐதரசன் அணு அருகிலுள்ள நைதரசனுக்குத் தாவுவதும், அதைத் தொடர்ந்து மூலக்கூறு சிறிது புரள்வதுமே நிறமாற்றத்துக்குக் காரணம் என்பது, பின்னர் 1960களில் விளக்கம் பெற்றது. இதில் ஒரு விநோதம் உண்டு. ஒரே இனத்து மூலக்கூறுகளாயினும், படிகத்தில் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தால் ஒளியில் மாறுவதில்லை. இடம்விட்டு அடுக்கப்பட்டிருந்தால் மாறுகின்றன. எட்டுப்பேர் படுக்கும் லயத்துக் காம்பராவில் புரண்டு படுக்க முயன்றவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

1950இல் இஸ்ரவேலைச் சேர்ந்த ஹிர்ஷ்பேர்க் இந்நிகழ்ச்சிக்கு இன்று வழங்கும் பெயரை இட்டார். 1952இல் அவரும் பிஷரும் ஸ்பைரோபைரன் என்னும் இனத்தின் மாற்றத்தை வெளியிட்டனர். இந்தோலின் வகைச் சேர்வை ஒன்றையும், முன்சொன்ன சலிசிலல்டிகைட்டின் உறவான ஒன்றையும் அற்ககோலில் இட்டுச் சில மணி நேரம் கொதிக்க வைத்தால், இரண்டும் இணைந்து நிறமற்ற படிகமாக வெளிவரும். இரண்டு பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஓர் ஆணியில் அறைந்தாற்போன்ற அமைப்பு அது. ஊதாவுக்கு அப்பாலுள்ள, கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிர் பட்டவுடன், ஆணியருகே ஒரு பிணைப்பு விடுபட, இரண்டு பலகைகளும் ஒரே தளத்துக்குத் திரும்பிவிடுகின்றன. உடனே ஆழ்ந்த நீலமோ ஊதாவோ தோன்றும். காரணம் யாதெனில், ஒரு மூலக்கூற்றின் நிறம் அதன் இலத்திரன்கள் எவ்வளவு தூரம் தடையின்றி உலாவ முடியும் என்பதைப் பொறுத்தது. வீணையிற் குறுகிய தந்தி உச்ச சுரத்தைத் தரும். நீண்ட தந்தி தாழ்ந்த சுரத்தைத் தரும். பிரிந்து நின்ற இரண்டு குறுந்தந்திகளும் இணைந்து ஒரு நெடுந்தந்தி ஆனதும், அதுவரை கண்ணுக்குத் தெரியாத கழியூதாவை மட்டும் விழுங்கியது, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் விழுங்கத் தொடங்குகிறது. நிறமற்றது நிறமுடையதாகிறது. இருளில் வைத்தாலோ, சூடாக்கினாலோ, விடுபட்ட பிணைப்பு மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.

இந்த இனத்துக்கு உறவான பொருள்களே, வெயிலிற் கறுத்து நிழலில் தெளியும் மூக்குக் கண்ணாடிகளில் இன்று உள்ளன. 1960களில் வந்த முதற் கண்ணாடிகளில் வெள்ளி உப்பே இருந்தது. கமரன் அம்மையாரின் வெள்ளிதான்! பிளாத்திக்கு வில்லைகளிற் சேதனச் சேர்வைகளைப் புகுத்துவது 1990களின் தொடக்கத்திலே வெற்றிபெற்றது. நானும் அப்படியொரு கண்ணாடியைக் கொழும்பில் வாங்கினேன். கொழும்பு வெயிலில் அது இளங்கறுப்பாகவே நின்றது. ஏமாந்தேன் என்று எண்ணிக்கொண்டு மலையேறினேன். நுவரெலியாவில் இறங்கி நடந்தபோது, நண்பர் ஒருவர் என்னை அடையாளம் காணமாட்டாமல் தாண்டிப் போய்விட்டார், அவ்வளவு கறுப்பு! வகுப்பறைக்குள் நுழைந்த பின்னும் நெடுநேரம் தெளியாததால், பிள்ளைகள் வாய்பொத்திச் சிரித்தார்கள்.

இதற்கும் விளக்கம் உண்டு. கழியூதாக் கதிர் மூலக்கூறுகளைத் திறந்துகொண்டிருக்கிறது. வெப்பம் அவற்றை மூடிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் எது மிஞ்சுகிறதோ அதைப் பொறுத்தே கண்ணாடியின் கறுப்பு. கொழும்பின் வெக்கையிற் மூடுவது விரைவு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலோ குளிரால் மூடுவது மந்தம்; வளிமண்டலம் மெலிந்திருப்பதாற் கழியூதாக் கதிரும் மிகுதி. ஆகவே திறந்தவை திறந்தபடியே நிற்கின்றன. பேருந்தின் உள்ளேயோ அது கறுப்பதே இல்லை. முன்கண்ணாடி கழியூதாவைப் பெரிதும் தடுத்துவிடுகிறது.

இம்மூலக்கூறுகளுக்கும் களைப்பு உண்டு. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மிகச்சில மூலக்கூறுகள் வழிதவறி, ஒட்சிசனோடு சேர்ந்து, மஞ்சளைப்போலவே மீளாமற் போய்விடுகின்றன. சில ஆண்டுகளிற் கண்ணாடி கறுக்க மறுக்கும். இக்களைப்பைக் குறைப்பதே பிற்கால ஆராய்ச்சியின் பெருமுயற்சி. நிறமாற்றத்தைக்கொண்டு நினைவுக்குறிப்பு எழுதலாம், நிறமுள்ளதை ஒன்றாகவும் நிறமற்றதைப் பூச்சியமாகவும் கொள்ளலாம் என்று ஹிர்ஷ்பேர்க் 1956இலேயே கூறியிருந்தார். ஆனால் தானாகவே மறைந்துபோகும் நிறத்தில் நினைவை எழுதுவது எவ்வாறு? 1988இல் யப்பானியரான இரியே அறிவித்த ஒரு புதிய இனம் இதற்கு விடையளித்தது. கழியூதாவிற் பெற்ற நிறம் இருளிலும் வெப்பத்திலும் கலையாது நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பாய்ச்சினாலே கலையும். அவ்வினத்திற் சில பொருள்கள் பதினாயிரம் முறைக்கு மேல் மாறியும் சோர்வதில்லை. ஒளியால் ஒரே திசையிற் சுழலும் மூலக்கூற்றை 1999இல் ஆக்கிய பெரிங்கா, 2016இல் வேறு இருவருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதன் அச்சிலும் நடப்பது, கண்ணின் ரெட்டினலில் நடக்கும் அதே திருப்பமே.

கமரன் அம்மையார் இலங்கையில் எடுத்த படங்கள் இன்று இலண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள காட்சியகங்களில் இருக்கின்றன. முட்டை வெண்கருவில் வெள்ளியைப் பிணைத்துத் தாளில் அச்சிடப்பட்ட அவையும் ஒளிக்கு அஞ்சுவனவே. ஆகையால் பெரும்பாலான காலம் இருண்ட பெட்டிகளில் வைக்கப்பட்டு, எப்போதாவது மங்கிய விளக்கொளியிற் சில வாரங்கள் காட்டப்படுகின்றன. பெயரறியாத அந்த முகங்கள், பார்ப்பாரற்ற இருளிலே பத்திரமாக உள்ளன.

எங்கள் மஞ்சட் பன்னமும் அலுமாரியில், ஒரு பழைய வரவு இடாப்பின் தாள்களுக்கிடையே இருக்கிறது. பின்புறத்தில் அதைச் செய்த பதினொரு பிள்ளைகளின் பெயர்களும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. எழுதவேண்டும் என்று பிடிவாதம் செய்தவள் அந்தப் பின்வரிசை மாணவிதான். ஆண்டுக்கு ஒருமுறை, புதிய வகுப்பு வரும்போது, சன்னற் சீலையை இழுத்துவிட்டு அதை வெளியே எடுக்கிறோம். போன தை மாதம் பார்த்தபோது, பன்னத்தின் நுனிகள் கொஞ்சம் மங்கியிருந்தன.